பாட்டுக்கு முதல் வந்த பாட்டு

மேற்கிலிருந்து அடிக்கும் வறண்ட கச்சான் காற்று தொடங்கி ஒன்பது நாளாகியிருந்தது. கல்லடியில் யாருக்கும் ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. கதவுகள் தாமாக அடித்துக்கொண்டன. நாய்கள் காரணமில்லாமல் எழுந்து இடம் மாறிப் படுத்தன. கேதீஸ்வரியின் வீட்டு மின்விசிறியில் பிழை எதுவும் இல்லை என்பது றிஷாட்டுக்கு அரைமணி நேரத்துக்கு முன்பே தெரிந்துவிட்டது. இருந்தும் ஒரே திருகாணியை மூன்றாம் முறையாகக் கழற்றிப் பூட்டிக்கொண்டிருந்தான்.

கேதீஸ்வரி தபால் திணைக்களத்தின் விசாரணைப் பிரிவில் இருபத்தெட்டு ஆண்டுகள் இருந்து ஓய்வுபெற்றவர். காணாமற்போன பொதிகளையும் பிரித்து ஒட்டப்பட்ட உறைகளையும் பார்த்துப் பார்த்துப் பழகிய கண் அவருடையது. ஓய்வுக்குப் பிறகும் ஊர்ச்சனம் அவரைத் தேடி வந்தது. றிஷாட் ஏறாவூரில் ஒலிபெருக்கி திருத்தும் கடை வைத்திருந்தான். பன்னிரண்டு வருடம் கட்டாரில் ஒலித் தொழில்நுட்பவியலாளனாக இருந்தவனுக்கு, நாற்பத்துமூன்று வயதிலும் துப்பறிவது என்றால் பள்ளிக்கூடப் பிள்ளையின் ஆசை. ஓட்டோவை எடுத்துக்கொண்டு வாரத்தில் இரண்டு நாளாவது இங்கே வந்துவிடுவான்.

அன்று புதன்கிழமை. தலைக்கவசத்தைக் கழற்றாமலே ஒரு பெண் உள்ளே வந்தாள். மருந்தகத்தில் வேலை செய்யும் தனுஷியா.

"அன்ரி, அப்பா வெள்ளிக்கிழமை விடியத் தோணி பேசிப்போட்டார்."

"மீனுக்கா, பிள்ள?"

"இல்ல. வீட்டில இரிக்கிற ரீல் எல்லாத்தையும் ஆத்துக்குள்ள போட."

கேதீஸ்வரி கதிரையை நகர்த்தி வைத்தார். தனுஷியா இருந்தாள், எழுந்தாள், மறுபடி இருந்தாள். தலைக்கவசம் தலையில் இருப்பது அப்போதுதான் அவளுக்கே நினைவு வந்தது.

அவளுடைய தகப்பன் வினாயகமூர்த்திக்கு எழுபத்துநாலு வயது. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் மட்டக்களப்பு நகரில் ஒலிப்பதிவு நிலையம் நடத்தியவர். நாடாப் பதிவு இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போய்ப் பாடகர்களைப் பதிந்தவர். அப்படிப் பதிந்த நாற்பத்திரண்டு ரீல்கள் அவரிடம் இருந்தன. அவற்றில் மிக உயர்ந்தது 1981இல் இலட்சுமிப்பிள்ளை என்ற பெண்ணின் குரலில் பதிந்த வசந்தன் கூத்துப் பாட்டுகள். அந்தப் பெண் இப்போது இல்லை. அவள் குரல் வேறெங்கும் பதிவாகவும் இல்லை.

"அந்த ரீலைப் பல் டொக்டர் உதயரூபன் வாங்கிக்கொண்டு போனார். வெளிநாட்டுக்கு அனுப்பி இசைத்தட்டா வெட்டுவிக்கிறன் எண்டு. போன வருசம் மே மாதம். அவர்ட வீட்டு மேல்மாடியில ஞாயிறு பின்னேரம் கொஞ்சப்பேர் கூடிப் பாட்டுக் கேக்கிறவங்க. அப்பாவும் போவார். அங்க ரெண்டு வருசமா ஒரே சண்டை. அனலொக்கா, டிஜிட்டலா எண்டு."

கேதீஸ்வரி றிஷாட்டைப் பார்த்தார். அவன் திருகாணிச் சாவியைக் கீழே வைத்துவிட்டான்.

"தட்டு வெட்டுறதுக்கு ரெண்டு வழி இரிக்கு, அக்கா. நாடாவில இரிக்கிற சத்தத்தை நேரா வெட்டுற ஊசிக்குக் குடுக்கிறது ஒண்டு. வாய்க்கால்ல தண்ணி போற மாதிரி, எங்கயும் அறுபடாது. மத்தது, சத்தத்தை எண்ணாக்கிக் கொம்பியூட்டரில வெச்சி, மறுகா திரும்பச் சத்தமாக்கி வெட்டுறது. அது தண்ணியப் போத்தல்ல அடைச்சிக் கொண்டுபோய் ஊத்துற மாதிரி."

"ஊத்தினாப் பிறகு ரெண்டும் தண்ணிதானே?"

"அதுதான் சண்டையே! கட்டார்லயும் பன்னிரண்டு வருசம் இதைத்தான் கேட்டன்."

தனுஷியா தொடர்ந்தாள். டொக்டர் இரண்டு தட்டுகள் வெட்டுவித்திருந்தார். ஒன்று நாடாவிலிருந்து நேரடியாக, மற்றது எண் வடிவத்திலிருந்து. போன ஞாயிறு இரண்டையும் மறைத்துப் போட்டு, எது எதுவென்று கண்டுபிடிக்கச் சொன்னார்கள். பாசிக்குடா ஹோட்டலொன்றில் ஒலிக்குப் பொறுப்பாக இருக்கும் இஷாம் தட்டை மாற்றி மாற்றிப் போட்டான். ஒன்பது பேர் கேட்டார்கள். ஐந்து பேர் முதலாவதுதான் நாடா என்றார்கள், நாலு பேர் இரண்டாவது என்றார்கள். கடைசியாக வினாயகமூர்த்தியைக் கேட்டார்கள்.

"அப்பா, 'ரெண்டும் ஒண்டுதான், ரெண்டும் எண்' எண்டார். எல்லாரும் சிரிச்சாங்க. டொக்டர் உறையைத் திறந்து, முதலாவது நாடாவில வெட்டினது எண்டு காட்டினார். அதோட அப்பா எழும்பி வந்திட்டார். என்ட காது செத்துப்போச்சு எண்டு ஒரே சொல்லு. சாப்பாடும் இல்ல, உறக்கமும் இல்ல. வீட்டுக்குள்ள நடந்துகொண்டே இரிக்கார். அந்த இஷாம்தான் ஏதோ செய்திருக்கான், அன்ரி. அப்பாவோட அவனுக்குத்தான் எப்பவும் வாக்குவாதம்."

"ரெண்டும் எண் எண்டதுக்கு அப்பா காரணம் சொன்னாரா?"

தனுஷியா தயங்கினாள். "சொன்னார். அதுதான் எனக்குப் பயமா இரிக்கு. 'பாட்டுக்கு முதல் வாற பாட்டு வரல்ல' எண்டார். அதுக்குத்தான் கூடச் சிரிச்சாங்க. அவருக்கு மூளை தடுமாறுதோ எண்டு…"

"டொக்டர் ரீலை அனுப்பின துண்டு உங்களிட்ட இரிக்கா?"

தகப்பனுக்கு நம்பிக்கையாக இருக்கட்டும் என்று டொக்டர் தந்த பற்றுச்சீட்டின் படம் அவளுடைய தொலைபேசியில் இருந்தது. கேதீஸ்வரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார்: பதிவுப் பொதி, போன வருடம் மே இருபத்தாறு, போகும் நாடு, நூற்றுப்பத்துக் கிராம், கட்டணம், முத்திரை. வாசித்து முடித்த பிறகும் தொலைபேசியைக் கையிலேயே வைத்திருந்தார்.

"அந்த ரீல் திரும்பி வந்திட்டா?"

"இல்ல. இன்னும் தட்டு வெட்டலாம் எண்டு அங்கயே வெச்சிருக்கிறாங்களாம்."

கேதீஸ்வரி எழுந்து குடையை எடுத்தார். "வாங்க, அப்பாவைப் பாப்பம்."

வினாயகமூர்த்தி அவர்களை வரவேற்கவில்லை, விரட்டவும் இல்லை. விறாந்தையில் அந்தத் தலைக்கும் இந்தத் தலைக்குமாக நடந்துகொண்டிருந்தார். றப்பர்ச் செருப்பு சிமெந்தில் இழுபட்டது. உள்ளறை அலுமாரியில் நாற்பத்தொரு அட்டைப் பெட்டிகள் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றன. பக்கத்தில் அவருடைய பழைய நாடா இயந்திரம். சுனாமித் தண்ணீர் வீட்டுக்குள் வந்த நாளிலிருந்து அது ஓடவில்லை.

றிஷாட்டுக்கு இது போதாதா? மூடியைத் திறந்து, அறுந்த பட்டியை எறிந்து, ஓட்டோவிலிருந்து வேறொன்றை எடுத்து வந்து மாட்டி, முக்கால் மணி நேரத்தில் இயந்திரத்தைச் சுழல வைத்துவிட்டான். அலுமாரியிலிருந்து பதினேழாம் இலக்கப் பெட்டியைக் கேதீஸ்வரியே எடுத்துக் கொடுத்தார். கொடுக்குமுன் உள்ளங்கையில் வைத்துச் சற்று ஏந்திப் பார்த்தார்.

நாடா ஓடத் தொடங்கியது. முதலில் வெறும் இரைச்சல். பிறகு, கிணற்றுக்கு அடியிலிருந்து வருவதுபோல, ஓர் ஆணின் குரலில் ஒரு வரி கேட்டதா, கேட்கவில்லையா என்று சொல்ல முடியாதபடி கடந்து போனது. வெளியே செருப்புச் சத்தம் நின்றது. மூன்று செக்கன் கழித்து அதே வரி முழுக்குரலில் எழுந்தது, கூடவே மத்தளமும்.

அதே நேரம் இயந்திரம் கிறீச்சிடத் தொடங்கியது. றிஷாட் பாய்ந்து நிறுத்தினான். விரலால் தடவிப் பார்த்தான். விரல் முழுக்க மண்நிறத் தூள், பசைபோல.

"யா அல்லாஹ்… அக்கா, இதை ஓட்டப்படாது. நாடாவில சத்தத்தைப் பிடிச்சி வெச்சிருக்கிறது இந்தத் தூள்தான். இது வெறும் பிளாஸ்ரிக்கில ஒட்டியிருக்கு. இத்தினை வருசம் சூட்டிலயும் ஈரத்திலயும் கிடந்து பசை இளகிட்டு. ஓட்டினா உரிஞ்சி வந்திரும். உரிஞ்சா மறுகா ஒண்டும் மிஞ்சா."

"முதல்ல மெதுவாக் கேட்டது என்ன?"

றிஷாட் விரலைத் துடைக்க மறந்து நின்றான். பிறகு தொடையில் அடித்தான். "அதுதான்! ஐயா சொன்னது அதைத்தான்! நாடா சுத்திக் கிடக்கேக்க, ஒரு சுத்தில இரிக்கிற சத்தம் அதுக்கு மேல கிடக்கிற சுத்தில கொஞ்சம் ஒட்டிப்போகும். வெக்கையில கூட ஒட்டும். அதால பாட்டுத் தொடங்க முதலே அதின்ட நிழல் கேக்கும். ஐயாவுக்கு ஒரு தடுமாற்றமும் இல்ல. நாடாவில இருந்து நேரா வெட்டின தட்டெண்டா அது கேட்டிருக்கணும்! கொம்பியூட்டரில போட்டாத்தான் அதைத் துடைச்செடுக்கேலும்!"

"நிப்பாட்டுங்க." வாசலில் வினாயகமூர்த்தி நின்றார். கண் சிவந்திருந்தது. "செத்த சாமானை ஏன் கிண்டுறீங்க?"

"ஐயா," என்றார் கேதீஸ்வரி, "உங்கட காதைப் பிழை எண்டு நினைக்கிறீங்க. ஏன் டொக்டரைப் பிழை எண்டு நினைக்கல்ல?"

"டொக்டரா?" கிழவருக்குக் கோபம் வந்தது. "எனக்குக் கண் ஒப்பரேசன் நடக்கேக்க ஆஸ்பத்திரியில மூண்டு நாள் கூட நிண்ட மனிசன், தங்கச்சி. அவர் சொன்னா அது அப்பிடித்தான். மெல்லிய சத்தம் எனக்குக் கேக்கிறல்ல. அவ்வளவுதான்."

அவர் நடக்கப் போய்விட்டார். கேதீஸ்வரி பதினேழாம் இலக்க ரீலைப் பெட்டியோடு ஒரு நாளைக்கு இரவல் கேட்டார். தனுஷியா தகப்பனுக்குத் தெரியாமல் அதைப் பையில் போட்டுக் கொடுத்தாள்.

ஓட்டோவில் ஏறும்போதே றிஷாட் வழக்கை முடித்துவிட்டான். "இஷாம் ஒரே தட்டை ரெண்டு தரம் போட்டிருக்கான், அக்கா. எண்ணில வெட்டின தட்டை! அதான் ரெண்டும் ஒண்டு."

"பாசிக்குடாவுக்கு விடுங்க," என்றார் கேதீஸ்வரி.

பாதை முழுக்கக் காற்று ஓட்டோவைப் பக்கவாட்டில் தள்ளியது. ஹோட்டலின் பின்பக்கத்தில், கல்யாண வரவேற்பொன்றுக்குக் கம்பிகளைச் சுற்றிக்கொண்டிருந்தான் இஷாம். விடயத்தைச் சொன்னதும் அவன் முகம் கறுத்துப்போனது.

"நானா?" என்று தன்னைவிட மூத்த றிஷாட்டின் பக்கம் திரும்பினான். "காக்கா, நான் டிஜிட்டல்தான் நல்லம் எண்டு சண்டை பிடிக்கிறவன்தான். ஆனா ஏமாத்தி வெல்லுறதுக்கு என்ன இரிக்கு அதில? இஞ்ச பாருங்க."

அவன் தொலைபேசியில் முழு நிகழ்வும் இருந்தது. எங்கும் வெட்டாத ஒரே காட்சி. இரண்டு தட்டுகளையும் அவன் தொடக்கத்தில் கமராவுக்குக் காட்டினான். நடுவட்டத்துக்குப் பக்கத்தில் ஒன்றில் ஒரு கோடும் மற்றதில் இரண்டு கோடுகளும் கீறப்பட்டிருந்தன. ஒற்றைக் கோட்டுத் தட்டு முதலில் சுழன்றது, இரட்டைக் கோட்டுத் தட்டு பிறகு. எது எந்த வகை என்பது உறையைத் திறக்கும்வரை டொக்டரைத் தவிர எவருக்கும் தெரியாது.

படத்தில் கிழவர் பேசினார். சிரிப்பு எழுந்தது. உதயரூபன் மட்டும் சிரிக்கவில்லை. குனிந்து ஊசியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "நாடாவில இருந்தது அப்பிடியே தட்டில இரிக்கு, ஐயா. ஒரு இடத்திலயும் கைவைக்கல்ல." பிறகு கமராவைப் பார்த்து, "போதும் இஷாம், வீடியோவை நிப்பாட்டுங்க."

"தொடக்கத்தை இன்னொருக்காப் போடுங்க," என்றார் கேதீஸ்வரி. இஷாம் காதுக் கருவியைக் கொடுத்தான். றிஷாட் இரண்டு தட்டின் தொடக்கத்தையும் நாலு முறை கேட்டான். நிழல் குரல் இரண்டிலும் இல்லை. இரைச்சலும் இல்லை. இரண்டும் சுத்தமான அமைதியில் தொடங்கின.

"நான் வெண்டன், அன்ரி," என்றான் இஷாம். கம்பியைச் சுற்றிய கை நின்றிருந்தது. "ஆனா ஐயா எழும்பிப் போனாரே, அந்தப் போக்கை நினைச்சா எனக்கு உறக்கம் வரல்ல."

திரும்பி வரும் வழியில் றிஷாட் இரண்டு தட்டுகளையும் மனதுக்குள் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தான். ஏறாவூர் வந்ததும்தான், "அப்ப ஆருதான் மாத்தின?" என்றான்.

"தட்டு மாறினதெண்டு ஆர் சொன்ன?" என்றார் கேதீஸ்வரி.

வியாழன் காலை பத்து மணிக்கு உதயரூபனின் மேல்மாடிக்குப் போனார்கள். ஐம்பது வயது, மெதுவான பேச்சு, எப்போதும் கழுவியதுபோன்ற கைகள். சுவர் முழுக்க இசைத்தட்டுகள். அவரே பால் கலக்காத பிளேன்ரீ ஊற்றிக் கொடுத்தார். கிழவரைப் பற்றிக் கேட்டபோது தன் கோப்பையைக் கீழே வைத்தார்.

"எனக்கும் கவலைதான். போய்ப் பாக்கவேணும் எண்டுதான் நினைக்கிறன். நேரம் கிடைக்கல்ல."

"உங்களிட்டயும் நாடா மெசின் இரிக்கே, டொக்டர். ஐயாட ரீலை அனுப்ப முதல் ஒருக்காப் போட்டுக் கேட்டீங்களா?"

"இல்லையில்ல. பழைய நாடா, கைவைக்கப் பயம். பெட்டியோட அப்பிடியே அனுப்பினன். இந்த மெசினில நான் போடுறதெல்லாம் புது நாடாதான்."

றிஷாட் எழுந்து இயந்திரத்தைப் பார்க்கப் போனான். பார்த்தால் தொடாமல் அவனால் இருக்க முடியாது. தலைப்பகுதி மின்னியது, பஞ்சால் துடைத்துத் துடைத்து வைத்திருந்தார்கள். ஆனால் நாடாவை அழுத்திப் பிடிக்கும் றப்பர் உருளையின் இரண்டு ஓரத்திலும், துணி போகாத இடுக்கில், மண்நிறக் கறை இறுகிக் கிடந்தது. றிஷாட்டின் வாய் திறந்தது. கேதீஸ்வரி அவன் காலை மிதித்தார்.

"இண்டைக்குப் பின்னேரம் நாலு மணிக்கு ஐயாவைக் கூட்டிக்கொண்டு வாறன், டொக்டர். இஷாமும் வருவார். நீங்க இரிக்கோணும்."

உதயரூபன் மறுக்கவில்லை. "வாங்க," என்று சொல்லிக்கொண்டே கோப்பைகளை எடுத்து அடுக்கத் தொடங்கினார்.

நாலு மணிக்கு மேல்மாடி யன்னல்கள் எல்லாம் சாத்தப்பட்டிருந்தன. அப்படியும் கண்ணாடிகள் நடுங்கின. வினாயகமூர்த்தி மகளின் வற்புறுத்தலுக்காக வந்து, கதிரையில் இருக்காமல் கதவோடு நின்றார். இஷாம் சுவரோரம். உதயரூபன் தன் இசைத்தட்டுகளுக்கு முதுகைக் காட்டி இருந்தார். கேதீஸ்வரி மேசையில் ஒரு சிறிய தபால் தராசை வைத்தார்.

"எனக்குப் பாட்டுத் தெரியா," என்று தொடங்கினார். "ஆனா ஒரு பொருள் ஒரு இடத்தில இருந்து இன்னொரு இடத்துக்குப் போறதைப் பற்றிக் கொஞ்சம் தெரியும். எல்லாரும் இந்த அறைக்குள்ள என்ன நடந்ததெண்டு தேடினீங்க. இஷாம் தட்டை மாத்தினாரா? இல்ல. வீடியோவில ரெண்டு தட்டும் வேற வேற. அப்ப ஐயா சொன்னது பிழையா? அதைத்தான் நான் முதல்ல பாத்தன்."

அவர் கிழவரின் பக்கம் திரும்பினார்.

"ஐயா, நேற்று நாங்க பதினேழாம் ரீலைப் போடக்குள்ள நீங்க விறாந்தையில நடந்துகொண்டு இருந்தீங்க. உங்கட நடை எப்ப நிண்டது தெரியுமா? பாட்டுத் தொடங்கினாப் பிறகு இல்ல. தொடங்க மூண்டு செக்கனுக்கு முதல். பக்கத்தில இருந்த எனக்கே சரியாக் கேக்காத சத்தம், சுவருக்கு அங்கால நிண்ட உங்களுக்குக் கேட்டிருக்கு."

வினாயகமூர்த்தி தன் காதைத் தொட்டுப் பார்த்தார். றிஷாட்டுக்கோ தன்னையே அறைந்துகொள்ள வேண்டும்போல் இருந்தது. அவனும் அந்த அறையில்தான் இருந்தான்.

"காது சரியெண்டா, ஐயா சொன்னதும் சரி. ரெண்டு தட்டிலயும் நிழல் இல்ல. ரெண்டிலயும் இரைச்சலும் இல்ல. 'ஒரு இடத்திலயும் கைவைக்கல்ல' எண்டு டொக்டர் சொன்னார். கைவைக்காத நாடாவில நிழல் எங்க போச்சு? அப்ப அந்த ரெண்டு தட்டும் துப்பரவாக்கின ஒரே எண் பதிவில இருந்து வந்தது. கேள்வி ஒண்டுதான் மிச்சம். நாடா வெட்டுற இடத்துக்குப் போனதா?"

பையிலிருந்து பதினேழாம் இலக்கப் பெட்டியை எடுத்துத் தராசில் வைத்தார். முள் முந்நூற்று நாற்பதில் நின்றது.

"ஐயாட ரீல் எல்லாம் ஒரே அளவு. பெட்டியோட முந்நூற்றி நாப்பது கிராம். டொக்டர் தந்த துண்டில நூற்றிப்பத்து. முந்நூற்றி நாப்பது கிராம் சாமானை நூற்றிப்பத்துக் கிராம் பொதிக்குள்ள அனுப்பேலா. ஆனா பஞ்சு உறைக்குள்ள ஒரு பென்டிரைவை வெச்சி அனுப்பினா, கணக்குச் சரி." அவர் குரல் மாறவில்லை. "அந்த எண் பதிவு எங்க இருந்து வந்தது? நாடாவை ஓட்டாமப் பதியேலா. நீங்க ஓட்டவே இல்லை எண்டீங்க, புது நாடா மட்டும்தான் போடுறதெண்டீங்க. புது நாடா உங்கட றப்பர் உருளையில மண்நிறக் கறை வெக்காது. றிஷாட்டுக்கு நேற்று விரலில ஒட்டினதும் அதே கறைதான்."

உதயரூபன் எழுந்தார். எவரும் தடுக்கவில்லை. இசைத்தட்டு அடுக்கின் கீழ்த்தட்டிலிருந்து ஒரு பிஸ்கட் தகரத்தை எடுத்து வந்து கிழவரின் முன்னால் திறந்தார். உள்ளே கண்ணாடிபோலத் தெரியும் நாடாச் சுருள், அடியில் மண்நிறத் தூள்.

"அனுப்ப முதல் ஒரு கொப்பி எடுத்து வெப்பம் எண்டுதான் போட்டன்," என்றார். "நல்லாத்தான் பாடிச்சு. கடைசிப் பாட்டில கிறீச்சிடக்குள்ளதான் திரும்பிப் பாத்தன். ஓடி முடிஞ்ச பக்கம் முழுக்கத் தூள். ஒரே ஒரு ஓட்டம், ஐயா. உங்களிட்டச் சொல்ல எனக்கு வாய் வரல்ல. கொப்பியைத் துப்பரவாக்கி அனுப்பி ரெண்டு தட்டு வெட்டுவிச்சன். ஒண்டில நாடா எண்டு எழுதினன். ஒருத்தருக்கும் தெரியவராது எண்டு நினைச்சன்."

தனுஷியா வாயைப் பொத்திக்கொண்டாள். வினாயகமூர்த்தி தகரத்துக்குள் கையை விட்டு, நாடாவின் ஒரு முனையை எடுத்து யன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். அதனூடாக மறுபக்கம் தெரிந்தது.

"முதல் ஓட்டத்திலயே பதிஞ்சீங்களா?"

"ஓம், ஐயா."

"துப்பரவாக்க முதல் இருந்த கொப்பி?"

"இரிக்கு. அழிக்க மனம் வரல்ல."

கிழவர் நாடாவைத் திரும்பத் தகரத்துக்குள் வைத்தார். அவசரப்படவில்லை.

"நாடா போனதுக்கு நான் உங்களில கோவிக்கல்ல, டொக்டர். என்ட அலுமாரிக்குள்ள கிடந்தாலும் அது செத்துத்தான் இருக்கும். நானும் அதே மாதிரித்தான் ஓட்டியிருப்பன். ஆனா அண்டைக்கு ஒன்பது பேர் சிரிச்சாங்க. நான் சொன்னது உண்மை எண்டு இந்த அறையில ஒரு ஆளுக்குத் தெரியும். அந்த ஆள் ஊசியைத் துடைச்சிக்கொண்டு நிண்டிருக்கு."

உதயரூபன் தலைகுனிந்தார். காற்று யன்னலை உதறியது.

றிஷாட்டால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. "ஐயா, மத்த நாப்பத்தொண்டையும் காப்பாத்தலாம்! அளவான சூட்டில ஒரு நாள் வெச்சி எடுத்தா பசை இறுகும். கொஞ்ச நாளைக்குத் தாங்கும். அந்த நேரத்துக்குள்ள ஓட்டிப் பதிஞ்சிரலாம். சூடு கூடப்படாது, குறையப்படாது. வந்தாறுமூலைக் கம்பஸ் ஆய்வுகூடத்தில அதுக்கேத்த சூட்டுப்பெட்டி இரிக்கு. எனக்கு ஆள் தெரியும்."

"பதியிற சாமான் என்னிட்ட இரிக்கு," என்றான் இஷாம். "ஹோட்டல்ல லீவு போட்டுட்டு வாறன். ஐயா பக்கத்தில இரிங்க. எதைத் துடைக்கிற, எதைத் துடைக்காம விடுற எண்டு நீங்க சொல்லுங்க."

"ஒண்டையும் துடைக்கப்படாது," என்றார் வினாயகமூர்த்தி உடனே. அந்தச் சொல்லில் பழைய அதிகாரம் இருந்தது. சட்டைப் பையிலிருந்து தொலைபேசியை எடுத்துத் தோணிக்காரனை அழைத்து, நாளைக்கு வரவேண்டாம் என்று இரண்டு சொல்லில் முடித்தார். பிறகுதான் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அவர் உட்கார்ந்து பார்க்காத தனுஷியா, கண்ணைத் துடைத்துக்கொண்டு யன்னல் பக்கம் திரும்பினாள்.

"இப்ப நீங்க எடுங்க, டொக்டர்."

"என்னத்தை, ஐயா?"

"போனை. ஒன்பது பேருக்கும். என்ட முன்னால, ஸ்பீக்கர்ல."

உதயரூபன் கேதீஸ்வரியைப் பார்த்தார். அவர் தராசை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தார். உதவுகிற முகமாக இல்லை.

முதல் அழைப்பில் டொக்டர் நெடுநேரம் பேசினார். ஈரம், வெக்கை, பழைய பசை, தன் மனநிலை என்று எல்லாம் சொன்னார், செய்த பிழையைத் தவிர. வினாயகமூர்த்தி விரலை உயர்த்தினார். டொக்டர் மறுபடி தொடங்கினார். மூன்றாவது அழைப்பில் பேச்சுப் பாதியாகியது. ஐந்தாவதில் நாலு வசனம். ஏழாவது ஆள் எடுக்கவில்லை. கிழவர் பார்த்துக்கொண்டே இருந்தார். டொக்டர் திரும்ப அடித்தார்.

ஒவ்வொரு அழைப்பின் போதும் றிஷாட் எழுந்து எழுந்து இருந்தான். வழக்கு முடிந்துவிட்டது, இனி வீட்டுக்குப் போகலாம் என்று அவனுக்குத் தோன்றியது. ஆனால் அக்கா அசையவில்லை. ஒன்பதாவது இலக்கத்தை அழுத்தும்போது டொக்டரின் நெற்றி வியர்த்திருந்தது. மறுபக்கத்தில் உற்சாகமான குரல் ஒன்று, அவர் வாய் திறப்பதற்கு முன்பே சிரித்துக்கொண்டு கேட்டது:

"என்ன டொக்டர், கிழவர் இன்னும் பாட்டுக்கு முதல் பாட்டுக் கேக்கிறாரா?"

உதயரூபன் கண்ணை மூடித் திறந்தார். தொலைபேசியை மேசையில் வைத்து, இரண்டு கையையும் அதன் இருபக்கமும் ஊன்றிக்கொண்டார்.

"சிரிக்காதீங்க," என்றார். "முதல்ல நான் சொல்றதைக் கேளுங்க. அண்டைக்குப் பொய் சொன்னது நான்."